அரைமணிப் பாட்டின் கடைசி முளை

உங்கள் காவல் நிலையத்தில் லிஃப்ட் இருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. முப்பத்தொரு வருடமாக இருநூற்று அறுபத்தெட்டுப் படிகளை ஏறி இறங்கிய முழங்கால்கள் என்னுடையவை. மாடிப்படியைப் படத்தில் பார்த்தாலே முனகத் தொடங்கிவிடும். காப்பிக்கும் நன்றி. பிஸ்கட் ஒன்று எடுத்துக்கொள்கிறேன். ஒன்றுதான் என்று தெரியும், டப்பாவை நீங்கள் மூடிவிடலாம்.

நான் வந்த காரியம் ஒரு சின்னத் திருத்தம். கோபுர விபத்தைப் பற்றி நகரசபை வெளியிட்ட அறிக்கையில், நான்காம் பக்கத்தில், ஒரு வரி இருக்கிறது. 'உருளையில் ஒரு முளை தவறுதலாக இடம் மாறிப் பொருத்தப்பட்டிருந்தது. பணி ஓய்வை நெருங்கும் மணிவாசிப்பவரின் சோர்வே இதற்குக் காரணமாக இருக்கலாம்.' எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்திருப்பார். ஆனால் மேடம், நான் பதினாறு முறை அந்த உருளையில் முளை பொருத்தியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஆயிரத்து எண்ணூறுக்குக் குறையாமல். ஒன்றுகூட இடம் தவறியதில்லை. அந்த வரியை எடுத்துவிட வேண்டும். அந்த முளை தவறுதலாக இடம் மாறவில்லை.

இதை எழுதிக்கொள்கிறீர்களா? மெதுவாகவே சொல்கிறேன்.

என் பெயர் மகீல் தெ நோயர். ஊஸ்தர்ஹாவன் நகரத்து மணிவாசிப்பவன். கோபுரத்தில் நாற்பத்தேழு மணிகள் அசையாமல் தொங்குகின்றன. சனிக்கிழமை சந்தை நேரத்தில் நான் மேலே உட்கார்ந்து மரக்கட்டைகளை முஷ்டியால் குத்தி அவற்றை வாசிப்பேன். மற்ற நேரமெல்லாம் கடிகாரத்தோடு இணைந்த வெண்கல உருளை வாசிக்கும். அதற்குள் ஒரு ஆள் தாராளமாக உட்காரலாம், அவ்வளவு பெரியது. உடம்பெல்லாம் ஓட்டை. ஓட்டையில் ஒரு இரும்பு முளையைப் பொருத்தினால், உருளை சுற்றும்போது அது ஒரு நெம்புகோலைத் தட்டும். நெம்புகோல் கம்பியை இழுக்கும். மேலே ஒரு சுத்தியல் எழும்பி மணியின்மேல் விழும். கால்மணிக்கு ஒரு துணுக்கு, அரைமணிக்குக் கொஞ்சம் நீளமாக, ஒரு மணி நேரம் நிறைந்தால் முழுப்பாட்டு.

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, மார்ச்சில், முளைகளை எல்லாம் கழற்றிப் புதிய பாட்டுக்கு மாற்றுவது வழக்கம். எந்தப் பாட்டு என்பது மணிவாசிப்பவனின் விருப்பம். அதாவது, முன்பு அப்படி இருந்தது.

உங்கள் கல்யாணத்தில் எந்த இசை வாசித்தார்கள்? பார்த்தீர்களா. சொல்லத் தேவையில்லை, முகத்திலேயே தெரிகிறது. வெட்கப்படாதீர்கள், எல்லோருக்கும் அதுதான். முந்நூறு வருடத்துக்கு முன்பு ஒரு ஜெர்மன்காரர் எழுதியது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் அதை ஒரு முறைதான் எழுதினார்.

கீழ்ச்சுரங்கள் எட்டு. டோ, சோல், லா, மீ, ஃபா, டோ, ஃபா, சோல். முடிந்ததும் திரும்பவும் அதே எட்டு. மேலே மற்ற வாத்தியங்கள் என்னென்னவோ செய்துகொண்டிருக்கும். கீழே இந்த எட்டும் செக்கு மாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். எங்கள் கோபுரத்தில் அந்த எட்டையும் ஐந்து பெரிய மணிகள் அடிக்கின்றன. இந்த எட்டின் மேல் உலகத்தில் எந்தப் பாட்டையும் ஏற்றலாம். சோப்பு விளம்பரம், கால்பந்துப் பாட்டு, தாலாட்டு, கட்சிப் பாட்டு, எல்லாமே ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஏறக்குறைய பேருந்து மாதிரி.

அதைக் கோபுரத்தில் ஏற்றியவன் நான்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், எனக்குச் சாதகமாக இல்லாவிட்டாலும். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு அப்போதைய மேயரின் மகளுக்குக் கல்யாணம். இரண்டு வாரத்துக்கு மட்டும் போடுங்கள் என்று கேட்டார்கள். போட்டேன். அடுத்த முறை எடுத்தேன். நானூறு கடிதம் வந்தது. நகரசபை பயந்துபோய், இனிமேல் மக்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்றது. அன்றிலிருந்து பத்து ஓட்டெடுப்பு. பத்திலும் அதே பாட்டு. ஆனாலும் விதி விதிதான். மார்ச் வந்தால் ஆயிரத்து எண்ணூறு முளையையும் கழற்றி, துடைத்து, எண்ணெய் போட்டு, அதே ஓட்டைகளில் திரும்பப் பொருத்துவோம்.

பொருத்துவோம் என்று சொன்னேன். இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவன் வெளியே நின்று முளையை ஓட்டையில் வைப்பான். இன்னொருவன் உருளைக்குள் உட்கார்ந்து, உள்பக்கத்திலிருந்து நட்டை முடுக்குவான். வெளியே நிற்பவன் நான். உள்ளே உட்கார்ந்தவன் கிரைன்.

கிரைன் வெர்ஹாகேயை உங்களுக்கு இப்போது படங்களில்தான் தெரிந்திருக்கும். பெரிய ஆள். முன்பு படகுத்துறையில் கயிறு பிடித்துக்கொண்டிருந்தான். பாலம் வந்ததும் படகு போனது. நகரசபை அவனைக் கோபுரத்துக்கு வழிகாட்டியாகப் போட்டது. வரும் பயணிகளை மணிகளுக்கிடையே கூட்டிப்போய்க் கதை சொல்வது அவன் வேலை. இருபத்தாறு வருடமாக என் நண்பன். எனக்கு இருந்த நண்பன் என்றும் சொல்லலாம், எண்ணிக்கை ஒன்றுதான்.

மார்ச்சில் மூன்று நாள் எங்களுக்குத் திருவிழா. அவன் ஒரு விளக்கையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு உருளைக்குள் இறங்குவான். அவன் மனைவி டன்னி பட்டாணி சூப்பை பிளாஸ்கில் கொடுத்தனுப்புவாள். வெண்கலச் சுவருக்கு இந்தப்பக்கம் நான், அந்தப்பக்கம் அவன் குரல்.

"வாத்தியாரே, அடுத்தது எங்க?"

"நாப்பத்திரண்டாவது வரிசை, ஏழாவது ஓட்டை."

"ஆச்சு. ஏம்ப்பா, இதுக்குள்ள உக்காந்தா எனக்கு அந்தத் திமிங்கிலம் முழுங்கின ஆளு ஞாபகம்தான் வருது."

"அவரு மூணு நாள்ல வெளிய வந்துட்டாரே."

"நமக்கும் மூணு நாள்தான். ஆனா அவரு குடுத்து வெச்சவரு. உள்ள அவருக்குப் பாட்டு கேக்கல."

அவன் பேச்சு இப்படித்தான் இருக்கும். சனிக்கிழமைகளில் சந்தையில் நின்று இன்னும் பெரிதாகச் செய்வான். பதினோரு மணிக்கு உருளை தொடங்கியதும், மீன்கடை முன்னால் ஒரு பெட்டிமேல் ஏறி, அந்த எட்டுச் சுரத்தின்மேல் ஒரு டூத்பேஸ்ட் விளம்பரத்தைப் பாடுவான். அடுத்த சுற்றில் கால்பந்துப் பாட்டு. கூட்டம் கூடிவிடும்.

"பாத்தீங்களா ஜனங்களே, எட்டே எட்டு சுரம். உலகத்துப் பாட்டெல்லாம் இதுக்குள்ள அடங்கிடுச்சு. மேல ஒருத்தர் உக்காந்திருக்கார் பாருங்க, எங்க மகீலு, முப்பது வருஷமா ஒம்பதாவதைத் தேடிக்கிட்டிருக்கார். யாராச்சும் கண்டெடுத்தா கோபுரத்துல குடுத்துடுங்க."

நானும் சிரித்தேன். நகைச்சுவை நன்றாக இருந்தால் என்னால் சிரிக்காமல் இருக்க முடியாது, அது என் பலவீனம். மேலே, எனக்கு மட்டும் கேட்கும்படி, நன்றாகவே சிரித்தேன்.

அந்த ஒன்பதாவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் ஒரு பாட்டு இருந்தது. நானே எழுதியது. அரைமணிக்குப் பொருந்துகிற அளவில், நாற்பத்திரண்டு நொடி. எழுத ஒன்பது வருடம் ஆனது. கட்டைகளில் கையால் வாசித்திருக்கிறேன். ஆனால் கையால் வாசிப்பது கையோடு போய்விடும். உருளையில் ஏறியது அப்படியில்லை. மழையில் ஒலிக்கும், யாரோ ஒருவர் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருக்கும்போது ஒலிக்கும், யாரும் கேட்காமலே ஒலித்து, யாரோ ஒருவர் காதில் விழும். எனக்கு அது வேண்டியிருந்தது. இந்த ஜூனில் நான் ஓய்வு பெறுகிறேன். இந்த மார்ச்தான் என் கடைசி மார்ச். முழுப்பாட்டை அவர்களே வைத்துக்கொள்ளட்டும், கால்மணி, முக்கால்மணி எல்லாம் வைத்துக்கொள்ளட்டும், அரைமணியை மட்டும் எனக்குக் கொடுங்கள் என்று சபைக்கு எழுதினேன். ஓட்டுக்கு விட்டார்கள்.

இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்குக்கு முப்பத்தேழு.

முடிவு வந்த அன்று கிரைன் வீட்டுக்கு வந்தான். பாகு சொட்டுகிற சுருள் ரொட்டி ஒரு பொட்டலம் வாங்கிவந்திருந்தான்.

"முப்பத்தேழு பேரு, வாத்தியாரே. குறைச்சலா நெனைக்காதே. பெரிய பெரிய மதமெல்லாம் பன்னெண்டு பேரை வெச்சு ஆரம்பிச்சதுதான்."

"நீ எதுக்குப் போட்டே?"

"எட்டுக்குத்தான்." விரலை நக்கிக்கொண்டான். "பின்னே? உன் பாட்டை நான் கேட்டதே இல்லையே. கேக்காத பாட்டுக்கு எப்படிப்பா ஓட்டுப் போடறது?"

"போன ஜூன்ல வாசிச்சேன். நீ கீழதான் நின்னுட்டிருந்தே."

அவன் யோசித்தான். நேர்மையான ஆள், உண்மையாகவே யோசித்தான். "போன ஜூன்ல... அப்ப நான் ஹெரிங் மீன் தின்னுட்டிருந்திருப்பேன். சீசனாச்சே."

நியாயமான பதில். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அந்தப் பதிலை நான் பிப்ரவரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அவன் செய்துகாட்டும் வேடிக்கையைச் சொல்ல வேண்டும். உங்கள் ஆட்கள் படம் வரைந்து வைத்திருக்கிறார்கள், ஆனால் படத்தில் அது புரியாது. பத்தரை மணிக்குச் சுற்றுலாக் கூட்டம் மேலே மணிகளுக்கு நடுவே கம்பித்தடுப்புக்குப் பின்னால் நிற்கும். கிரைன் மட்டும் தடுப்பைத் தாண்டிப் போவான். உருளை அரைமணிப் பாட்டைத் தொடங்கும். எட்டுச் சுரம் இரண்டு சுற்று, கடைசியில் பெரிய டோ ஒரு தடவை, வீட்டுக்கு வந்து சேர்ந்த மாதிரி. அந்த நேரம் முழுக்க அவன் மணிகளுக்குள் நடனமாடுவான். எந்தச் சுத்தியல் எப்போது விழும் என்று அவனுக்குத் தூக்கத்திலும் தெரியும். விழுந்த சுத்தியலுக்குத் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்வான், விழப்போகிறதிடமிருந்து ஓடுவான். குழந்தைகள் கத்தும். கடைசிச் சோல் அடித்ததும் தொப்பியைக் கழற்றி, லா மணிக்கும் அதன் சுத்தியலுக்கும் நடுவில் தலையை நுழைத்து, கூட்டத்துக்கு ஆழமாக ஒரு கும்பிடு போடுவான். அந்தப் பக்கம் பெரிய டோ அடிக்கும். பாட்டு முடியும். நிமிர்ந்து, "இது மட்டும் அடிச்சிருந்தா நீங்க தனியாத்தான் இறங்கிப் போயிருக்கணும்" என்பான். அதற்கு ஒவ்வொரு முறையும் கைதட்டல்.

லாவின் சுத்தியல் முப்பத்திரண்டு கிலோ. அது அவன் குனிகிற உயரத்தில்தான் தொங்குகிறது. பாதுகாப்புக்காக ஒரு முறை அளந்து பார்த்திருக்கிறேன்.

சரி, இசை. இசைக்கல்லூரியில் முதல் வருடத்திலேயே சொல்லித்தருவார்கள்: சோலுக்குப் பிறகு டோ வரும் என்று கேட்பவர் காத்திருப்பார். அங்கே டோவுக்குப் பதிலாக லாவை வைத்தால் அதற்கு ஏமாற்று முடிவு என்று பெயர். வீட்டு வாசல்வரை வந்துவிட்டு, பக்கத்து வீட்டுக்குள் நுழைவது மாதிரி. பழைய உத்தி, கண்ணியமான உத்தி, மாதாகோவில் இசையில் நிறைய உண்டு. என் நாற்பத்திரண்டு நொடியை எனக்குத் தரமாட்டேன் என்றார்கள். அவர்களுடைய பாட்டிலேயே ஒரே ஒரு சுரத்தை, கடைசிச் சுரத்தை, நான் எடுத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது. இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக அந்தப் பாட்டு எங்காவது போய்ச் சேரும். ஃபாவை வைத்தாலும் ஏமாற்று முடிவுதான். யோசித்தேன். ரசனை என்று பார்த்தால் ஃபா கொஞ்சம் மேல் என்றுகூடச் சொல்வேன். ஆனால் ஃபாவின் சுத்தியல் உத்தரத்துக்குப் பக்கத்தில், யாருக்கும் எட்டாத உயரத்தில் இருக்கிறது. லாவை வைத்தேன்.

மூன்றாம் நாள், வியாழக்கிழமை, மதியம் மூன்று மணிக்குக் கடைசி முளைக்கு வந்தோம்.

"வாத்தியாரே, குளிர்ல விரல் வெறச்சுப்போச்சு. இன்னும் எத்தனை?"

"ஒண்ணுதான். எண்பத்தாறாவது வரிசை, இருபத்தொண்ணு."

உள்ளே அவன் தடவிப் பார்க்கும் சத்தம் கேட்டது. உள்ளிருந்து பார்த்தால் அவை வெறும் ஓட்டைகள். எது எந்த மணி என்று உள்ளே இருப்பவனுக்குத் தெரிய வழியில்லை. தாள் என் கையில் இருந்தது.

"மாட்டிக்கிச்சு. எவ்வளவு முடுக்கட்டும்?"

"நல்லா முடுக்கு. தளரக் கூடாது."

அவன் முக்கி முக்கி முடுக்கினான். பலமான கை, கயிறு பிடித்த கை. "போதுமா? இனி இதை எடுக்கணும்னா என்னைத்தான் கூப்பிடணும்" என்றான். வெளியே வந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு, "கடைசி மார்ச்சு, இல்லப்பா?" என்றான். அவன் கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. என் கண்ணும் கலங்கியது. இதில் நடிப்பு எதுவும் இல்லை, மேடம். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

சுற்றுலாப் பருவம் அடுத்த வாரச் சனிக்கிழமைதான் தொடங்க இருந்தது. அதாவது ஒன்பது நாள். இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன், ஏனென்றால் மனிதர்கள் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். நான் ஊருக்கு நேரம் கொடுத்தேன். காலை எட்டரையிலிருந்து இரவு எட்டரைவரை, மணிக்கு ஒரு முறை, அந்த முடிவு கோபுரத்திலிருந்து ஒலித்தது. நூறு முறைக்குமேல் ஒலித்தது. ஒளித்து வைக்கவில்லை, ஒன்பதாயிரம் பேர் தலைக்கு மேல் அதை ஒலிக்கவிட்டேன். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், மகீல், அரைமணியில் ஏதோ மாறியிருக்கிறதே என்று கேட்டிருந்தால் அன்றே போய் முளையைக் கழற்றியிருப்பேன்.

யாரும் கேட்கவில்லை. இசைப்பள்ளி ஆசிரியர் கோபுரத்தடியில் நின்று என்னோடு வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் லா அடித்தது. அவர் வெங்காயச் செடிக்கு உறைபனி ஆகாது என்றார். கோவில் பாடகர் குழுவின் தலைவி அதே நேரத்தில் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தாள். டோவையே வாய்க்குள் பாடிக்கொண்டு போனாள். மேலே லா, அவள் வாயில் டோ. இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கு பேர் ஓட்டுப் போட்டு வைத்துக்கொண்ட பாட்டு இது. எனக்குச் சிரிப்புதான் வந்தது.

சனிக்கிழமை கூட்டத்தில் ஒன்பது பேர். நான் கீழ்த்தட்டில் என் அறையில், கட்டைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். பத்தரை ஆனது. தலைக்கு மேல் கிரைனின் காலடி பலகையில் குதித்துக்கொண்டிருந்தது. வெகுநாளாகச் செய்யாததால் மூச்சு வாங்கினான், ஆனால் கால் தவறவில்லை. முதல் சுற்று. இரண்டாம் சுற்று. ஃபா. சோல்.

லா அன்று சரியாக ஒலிக்கவில்லை. குட்டையாக, மொத்தென்று இருந்தது. அதை நான் கவனித்தேன். கவனித்ததைச் சொல்ல எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் காதுக்கு இமை கிடையாது.

பிறகு நடந்தது உங்கள் கோப்பில் இருக்கிறது. படிகள் குறுகலானவை, அவனைக் கீழே இறக்க ஆறு பேர் தேவைப்பட்டார்கள். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். முழங்கால் அன்று வலிக்கவில்லை.

அடக்கத்துக்கு முந்தின நாள் டன்னி வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றாள்.

"அவருக்கு அந்தப் பாட்டுன்னா உசுரு, மகீல். நீ கையாலேயே வாசிக்கணும். மெஷின் வேணாம்."

வாசித்தேன். சரியான முடிவோடு வாசித்தேன். சந்தைச் சதுக்கம் முழுக்க ஆட்கள் நின்று அழுதார்கள். அவ்வளவு கூட்டம் என் வாசிப்புக்கு வந்தது அதுதான் முதல்முறை. அவர்கள் கேட்டது அந்த எட்டுச் சுரத்தை. கிரைன் இருந்திருந்தால் இதை வைத்து ஒரு மாதம் ஓட்டியிருப்பான். அவன் இல்லாதது எனக்குப் பெரிய இழப்பு. அதை நான் மறைக்க விரும்பவில்லை.

ஆகவே அறிக்கையை இப்படித் திருத்தலாம்: முளை தெரிந்தே மாற்றப்பட்டது, திறமையாக மாற்றப்பட்டது. மாற்றியவர் மகீல் தெ நோயர். சோர்வு என்ற சொல் வேண்டாம்.

என்ன கேட்டீர்கள்?

வெள்ளி மாலை ஆறு மணியிலிருந்து சனி காலை பத்து மணிவரை மணிகள் ஏன் ஒலிக்கவில்லை என்றா. கடிகாரம் அதையெல்லாம் பதிந்து வைக்கும் என்று எனக்குத் தெரியாது. புதிதாகப் பொருத்திய கருவி போலிருக்கிறது. ஊரில் ஒருவரும் அந்த நிசப்தத்தைக்கூடக் கவனிக்கவில்லை, நீங்கள் கவனித்திருக்கிறீர்கள். பாராட்டுகிறேன்.

ஆமாம். நான்தான் உருளையைக் கடிகாரத்திலிருந்து கழற்றி விட்டிருந்தேன். சனி காலை பத்து மணிக்குத் திரும்பவும் கோத்தேன். அதனால் அடுத்த அரைமணி ஒலித்தது பத்தரைக்குத்தான்.

ஏனென்றால் வெள்ளி மதியம் கிரைன் வந்தான். யாரும் கேட்கவில்லை என்று சொன்னேன் அல்லவா. அவனைத் தவிர என்று பொருள். அவனை நான் ஊரோடு சேர்த்து எண்ணவில்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, எனக்கு மூச்சுவிட இடம் தராமல் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"வாத்தியாரே, அரைமணிக்கு என்ன பண்ணி வெச்சிருக்கே?"

"ஏன்?"

"மூணு நாளாக் கேக்கறேன். கடைசில வீட்டுக்குப் போகாம வேற எங்கயோ போயி நிக்குது. நேத்து சைக்கிள்ல ஒரு காலைத் தூக்கிப் போட்டவன், மறுகாலு தரையில, அப்படியே நின்னுட்டேன். டன்னி ஜன்னல்லேர்ந்து பாத்துட்டு, வாதம் கீதம் வந்துடுச்சோன்னு ஓடி வந்தா."

"காத்தா இருக்கும்."

"காத்தெல்லாம் இல்ல. நல்லா இருக்குய்யா. யாரோ கதவைத் தொறந்து வெச்சிட்டுப் போன மாதிரி இருக்கு. இத்தனை வருஷத்துல அந்தப் பாட்டை நான் இப்பதான் கேட்டேன்." என் முகத்தையே பார்த்தான். "நீ போட்டதா? நீ போட்டதுன்னா சொல்லு. நாளைக்குச் சந்தையில அத்தனை பேரையும் வாயை மூட வெச்சுக் கேக்க வெக்கறேன்."

"மேலே கம்பி ஒண்ணோட ஒண்ணு சிக்கியிருக்கு, அதான் வேற மணி அடிக்குது" என்றேன். "காலைக்குள்ள சரி பண்ணிடறேன்."

"சரி பண்ணித்தான் ஆகணுமா?" என்றான்.

சனி காலை படியடியில் பார்த்தோம். கூட்டம் அவனுக்குப் பின்னால் நின்றது. "பண்ணிட்டியா?" என்றான். "ஆச்சு" என்றேன். "பாவம்" என்று சொல்லிவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மேலே ஏறினான்.

ஏன் அவனிடம் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். அதைத்தான் நானும் யோசித்துப் பார்த்தேன். அவன் இதுவரை கேட்டதெல்லாம் தெருவிலிருந்துதான், அறுபது மீட்டர் கீழேயிருந்து, பாதிக் காற்றோடு. பக்கத்தில் நின்று கேட்டால் அவனுக்கு இன்னும் பிடிக்கும் என்று நினைத்தேன்.